எந்த வெள்ளை என்று முதலில் பாருங்கள்: கார் வாசகர் கேள்வி பதில்

கத்திரி வெயில் முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இன்ஜினைப் பற்றியோ மைலேஜைப் பற்றியோ இல்லை. பம்பர் வெளுத்துவிட்டது, கதவு பீடிங் (கதவு ஓரத்து ரப்பர் பட்டை) வெடித்துவிட்டது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் சந்தோஷமே. தூத்துக்குடியில் எங்கள் பட்டறையில் அப்பா காலத்திலிருந்து பார்க்கிற வேலையே இதுதான்: காரின் பிளாஸ்டிக்கும் ரப்பரும். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: எங்கள் காம்பாக்ட் எஸ்.யூ.வி. வாங்கியதிலிருந்து வீட்டு வாசலில் வெயிலில்தான் நிற்கிறது. பம்பரின் அடிப்பகுதி, சக்கரத்தைச் சுற்றியுள்ள கருப்பு கிளாடிங், ரூஃப் ரெயில் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. கடையில் ஒரு பாட்டில் வாங்கித் தடவினேன். பளபளவென்று வந்தது. இரண்டு மழையில் பழையபடி ஆகிவிட்டது. இதற்கு நிரந்தரத் தீர்வே கிடையாதா?
— அரசு ஊழியர், ராமநாதபுரம்

இன்னொரு பாட்டில் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த வெள்ளை எந்த வெள்ளை என்று பாருங்கள். வெளுத்துவிட்டது என்று வருகிற வண்டிகளில் மூன்று வகை வெள்ளை உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

காரை ஷாம்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஈரத்துணியால் வெளுத்த இடத்தை ஒரு தடவு தடவுங்கள். ஈரம் பட்டதும் புதுசு போலக் கருத்து, காய்ந்ததும் மறுபடி சாம்பலானால் அது வெயில் தின்ற வெள்ளை. ஈரத்திலும் வட்ட வட்டமாகவோ, தண்ணீர் வழிந்த கோடாகவோ வெள்ளை தெரிந்தால் அது போர் தண்ணீரின் உப்பு. பெயிண்டும் பிளாஸ்டிக்கும் சேருகிற ஓரத்தில் மட்டும், சொரசொரப்பான குழிகளுக்குள் வெள்ளை அடைந்திருந்தால் அது காருக்குப் போட்ட பாலிஷ்.

உங்கள் ஊரில் முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ராமநாதபுரத்து நிலத்தடி நீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் கழுவி அப்படியே வெயிலில் விட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து அந்த இடத்தில் தடவி, ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். சுண்ணாம்புப் படிவம் அமிலத்தில் கரைந்துவிடும். படிவம் கனமாக இருந்தால் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது போனபிறகு மிச்சமிருப்பதுதான் வெயிலின் வேலை.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் எந்த பாட்டிலை வாங்கலாம் என்பது தானே விளங்கும். எப்போதாவது கிளாடிங்கைக் கழற்றினால் அதன் உட்புறத்தைப் பாருங்கள். 'பி.பி. + ஈ.பி.டி.எம். – டி.டி.20' என்கிற மாதிரி எழுத்துகள் அச்சாகியிருக்கும். பி.பி. என்பது பாலிப்ரொப்பிலீன். ஈ.பி.டி.எம். ஒரு செயற்கை ரப்பர். இடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கச் சேர்ப்பது. டி.டி.20 என்றால் நூற்றுக்கு 20 பங்கு டால்க் தூள், விறைப்புக்காக. கருப்பு நிறம் கார்பன் பிளாக்கினால் வருகிறது. டயரைக் கருப்பாக்குவதும் அதே பொருள்தான். நிறம் கொடுப்பதோடு, புற ஊதாக் கதிரைத் தானே வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பதும் அதுதான். அது இல்லாத வெறும் பாலிப்ரொப்பிலீன் வெயிலில் சீக்கிரமே நொறுங்கிப்போகும்.

ஆனால் எந்தக் காவலுக்கும் ஒரு எல்லை உண்டு. நம் ஊரில் கோடையின் உச்சி வெயிலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். உலக அளவுகோலில் அதற்கு மேல் வகையே கிடையாது. வருஷக்கணக்கில் அதில் நிற்கும்போது பிளாஸ்டிக்கின் மேல்தோலில் உள்ள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. டால்க் தூள் வெளியே வருகிறது. அந்தப் பரப்பில் படும் ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் நமக்குச் சாம்பலாகத் தெரிகிறது. அடியில் கருப்பு அப்படியேதான் இருக்கிறது. ஈரத்துணி பட்டதும் கருப்பதற்குக் காரணம், தண்ணீர் அந்த வெடிப்புகளை நிரப்பிவிடுவது. நீங்கள் வாங்கிய பாட்டிலும் அதே வேலையைத்தான் சிலிக்கோன் எண்ணெயால் செய்தது. எண்ணெய் கழுவிப்போனதும் வெடிப்பு திறந்துகொண்டது.

ஆகவே கழுவினால் போகாத ஒன்று வேண்டும். வெளுப்பு லேசாக இருந்தால், கருப்பு பிளாஸ்டிக் மேல் இறுகிப் படியும் டிரிம் கோட்டிங் என்கிற பூச்சு போதும். ரொம்ப முற்றியிருந்தால் கருப்புச் சாயம் கலந்த ரெஸ்டோரர் (வெளுத்த பிளாஸ்டிக்குக்கு நிறம் ஏற்றும் திரவம்) வாங்குங்கள். இரண்டிலும் முக்கால்வாசி பலன் முன்வேலையில்தான். தடவிய பழைய எண்ணெய் ஒரு பொட்டுகூட இருக்கக்கூடாது. பம்பருக்கு உகந்த கிளீனர் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் முதலில் பழுப்பு நுரை வரும். நுரை வெள்ளையாக வரும்வரை தேய்த்து அலசுங்கள். காய்ந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து ஒரு முறை துடைத்துவிடுங்கள். பெயிண்ட் ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வண்டி நிழலில் நிற்க வேண்டும். பேனலைத் தொட்டால் சூடு தெரியக்கூடாது. கை அகலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி, இறுகுவதற்குள் மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். துடைக்காமல் விட்ட இடம் திட்டுத் திட்டாக நின்றுவிடும்; அதை எடுப்பது பெரும்பாடு. முதல் நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். திறந்த வெயிலில் நிற்கிற வண்டிக்கு ஒன்றிரண்டு வருஷம் தாங்கினாலே அது நல்ல கோட்டிங்.

கேள்வி: எங்கள் தோப்புத் தேங்காயெண்ணெயைத்தான் கார் பம்பருக்கும் தடவுகிறேன். நன்றாகவே கருக்கிறது. என் மகன் கூடாது என்கிறான். யார் சொல்வது சரி?
— விவசாயி, பொள்ளாச்சி

ஐயா, பொள்ளாச்சிக்காரரிடம் தேங்காயெண்ணெய் வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் தம்பி சொல்வதுதான் சரி. எண்ணெய் தடவினால் கருக்கும். ராமநாதபுரத்து நண்பருக்குச் சொன்ன அதே காரணம்தான். பிளாஸ்டிக்கை அது உடனே கெடுத்துவிடாது. ஆனால் வெயிலிலிருந்து காக்கவும் காக்காது. நாள்பட்டால் காற்றுப் பட்டுக் காறிப்போய், பிசுபிசுவென்று ஆகி, தோட்டத்துச் செம்மண் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தூசியோடு துணி போட்டுத் துடைத்தால் பக்கத்துப் பெயிண்டில் கீறல் விழும்.

கல்யாணத்துக்குப் போகிற அவசரம், வேறு எதுவும் கையில் இல்லை என்றால் ஒரு முறை தடவிக்கொள்ளுங்கள். வாராவாரம் வேண்டாம். கதவு ரப்பரில் மட்டும் எப்போதுமே வேண்டாம். தூசி படிந்த பீடிங் கதவை மூடும்போதெல்லாம் பெயிண்டை உரசும்.

கேள்வி: வாட்டர் சர்வீஸ் விடும்போதெல்லாம் அடியில் டீசல் ஸ்பிரே அடித்து, கதவு ஓரத்து ரப்பருக்கும் அதே துணியால் துடைத்துக் கொடுப்பார்கள். இப்போது டிரைவர் பக்கத்துக் கதவு பீடிங் உப்பி, தளர்ந்து தொங்குகிறது. மழையில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கிறது. பீடிங்கை மாற்றினால் சரியாகுமா?
— மருந்துக்கடைக்காரர், விருதுநகர்

இந்தக் கேள்வியைப் பெரிதாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்தப் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல், கிரீஸ், பழைய இன்ஜின் ஆயில், வாசலின் எல்லாமே பெட்ரோலிய வழி வந்தவை. உங்கள் கதவு பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர். வெயில், மழை, காற்றிலுள்ள ஓசோன் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் தாங்குகிற அருமையான பொருள். ஆனால் பெட்ரோலிய எண்ணெய்க்கு மட்டும் அது தாங்காது. எண்ணெயைக் குடித்து உப்பும், மெத்தென்று ஆகும், நீளம் கூடித் தளரும். உங்கள் பீடிங் தொங்குவது அதனால்தான். கருப்பாகப் பளபளக்கிறதே என்று அன்றைக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

இன்ஜினுக்குள் இருக்கும் ஆயில் சீல் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கிறதே, அது ஏன் உப்பவில்லை என்று கேட்கலாம். அது நைட்ரைல் மாதிரி வேறு ரப்பர், எண்ணெய்க்காகவே செய்தது. ரப்பர் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்குப் பிடித்தது மற்றொன்றுக்கு ஆகாது.

சரி, தண்ணீர் விஷயம். பீடிங்கை மாற்றுவதற்கு முன் இரண்டைச் சோதித்துப் பாருங்கள். செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து பீடிங்குக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை இழுங்கள். இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தால் அந்த இடம் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அடைப்பு இல்லை. கதவைச் சுற்றிலும் இப்படியே பார்த்துக்கொண்டு போங்கள். மேல் மூலைகளையும் கீல் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, கதவின் அடி விளிம்பில் கையை விட்டுப் பாருங்கள். சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைத்தண்ணீர் கதவுக்குள் போவது இயல்பு. அது அந்தத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். மண்ணும் இலையும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்று, உள் பேனலுக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் ஷீட்டின் கிழிசல் வழியாக காருக்குள் வந்துவிடும். ஸ்பீக்கர் மாட்டும்போது அந்த ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிய கதவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தீக்குச்சியோ மெல்லிய பிளாஸ்டிக் குச்சியோ விட்டு துளையைக் குடைந்துவிடுங்கள். கம்பி வேண்டாம், பெயிண்ட் போனால் துரு பிடிக்கும்.

மழையே இல்லாத நாளிலும் முன்சீட்டுக் காலடியில் ஈரம் இருந்தால் அது பெரும்பாலும் ஏ.சி. வடிகால் குழாய் அடைப்பு. அதற்கும் பீடிங்குக்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் பீடிங் உப்பிவிட்டதால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். புதிய பீடிங்கை வைக்கும்போது இழுத்து நீட்டி வைக்க விடாதீர்கள். நீட்டி வைத்தது சில நாளில் சுருங்கி, சேர்கிற இடத்தில் இடைவெளி விடும். தொங்கவிட்ட மாதிரி தளர்வாக வைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். அப்புறம் பராமரிப்புக்கு வெறும் ஷாம்பு தண்ணீரில் துடைத்துக் காயவைத்து, சிலிக்கோன் கிரீஸைத் துணியில் மெல்லிசாகத் தொட்டுத் தடவினால் போதும். சிலிக்கோன் ஈ.பி.டி.எம்.-ஐ ஒன்றும் செய்யாது. கண்ணாடி ஏறி இறங்கும் ஓரத்து வெல்வெட் பீடிங்கில் மட்டும் அதைத் தடவாதீர்கள். அங்கே கொழகொழப்பான எதைத் தடவினாலும் மண் ஒட்டிக்கொள்ளும், அந்த மண் கண்ணாடியில் கோடு போடும்.

வாட்டர் சர்வீஸில் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். "ரப்பர்ல டீசல் துணி படக்கூடாது தம்பி" என்று இறங்கும்போதே சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்பார்கள். பிரஷர் பைப்பைப் பீடிங்குக்கு நேராக, ஒட்டிப் பிடிக்கவும் விடாதீர்கள்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் பம்பரின் சொரசொரப்பான பகுதியில் கறையாக நிற்கிறது. துணியால் தேய்க்கத் தேய்க்கப் பரவுகிறது.
— குடும்பத் தலைவி, திருச்சி

ஈரத்துணியால் தேய்ப்பதை நிறுத்துங்கள் அம்மா. காய்ந்த சந்தனத்தை முதலில் காய்ந்த பிரஷ்ஷாலேயே உதிர்த்து எடுங்கள். அப்புறம் ஷாம்பு நுரை, மெல்லிய பல் பிரஷ், சுற்றிச் சுற்றித் தேய்த்து அலசுங்கள். மஞ்சள் சாயல் கொஞ்சம் மிச்சமிருந்தால் விட்டுவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது. சில நாளில் தானாகப் போய்விடும். அடுத்த வருஷம் பொட்டை நம்பர் பிளேட்டுக்கு மேலே பெயிண்ட் அடித்த பகுதியிலோ கண்ணாடியிலோ வையுங்கள். அங்கே துடைத்தால் போய்விடும்.

பாலிஷ் அடைந்த வெள்ளையும் இப்படித்தான்: காய்ந்த நிலையில் பென்சில் ரப்பரால் அழித்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். பிறகு கிளீனர் போட்டு பிரஷ்.

கேள்வி: ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடு காட்டினால் வெளுத்த பம்பர் கண் முன்னாலேயே கருப்பாகிறதே! செய்து பார்க்கலாமா?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பார்க்க அதிசயமாகத்தான் இருக்கும். "உள்ளே இருக்கிற எண்ணெய் மேலே வருகிறது" என்று விளக்கமும் சொல்வார்கள். நடப்பது அதுவல்ல. வெடித்துப்போன மேல்தோல் இளகி, வெடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒளி சிதறுவது குறைகிறது, கருப்பு தெரிகிறது. ஆனால் அறுந்த சங்கிலிகள் மறுபடி முழுசாகச் சேர்வதில்லை. காவல் காத்த பொருள்களும் திரும்பி வருவதில்லை. அதனால் வெயிலில் நின்றால் மறுபடி வெளுக்கும், இரண்டாவது முறை முதல் தடவை போல வராது.

பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும். ஹீட் கன் அதைவிட மிகவும் அதிகமான சூடு தரும். ஒரே இடத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் ஆலையில் வார்த்த சொரசொரப்பு அழிந்து வழவழப்பாகிவிடும். அந்தத் தழும்பை எதுவும் மறைக்காது. பக்கத்துப் பெயிண்ட், சென்சார், லைட் இவையும் இருக்கின்றன. தம்பி, உடைந்த பழைய பம்பர் துண்டு ஏதாவது பட்டறையில் கிடைக்கும், அதில் செய்து பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் காரில் வேண்டாம்.

கேள்வி: எங்கள் மலையில் வெயில் குறைவு. எங்களுக்கு வெளுப்பு இல்லை, பச்சைப் பாசி! கண்ணாடி ஓரத்து ரப்பரில் பிடித்திருக்கிறது.
— தேயிலைத் தோட்ட மேற்பார்வையாளர், கோத்தகிரி

நீலகிரி வண்டிகள் இங்கே வரும்போது அந்தப் பச்சையைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையில் மண் தங்கி, ஈரம் காயாததால் வருவது. பல் பிரஷ்ஷும் ஷாம்பும் போதும். ப்ளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றாதீர்கள். ரப்பருக்கும் ஆகாது, அருகிலுள்ள உலோகத்துக்கும் ஆகாது. வைப்பருக்குக் கீழே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் தட்டை மறக்காமல் பாருங்கள். உதிர்ந்த இலை அங்கே மட்கி வடிகாலை அடைத்தால் மழைத்தண்ணீர் காருக்குள் இறங்கும். உங்கள் ஊரில் பாசியைவிட அதுதான் பெரிய செலவு வைக்கும்.

கேள்வி: கருப்பு ஸ்பிரே பெயிண்ட் வாங்கி நானே கிளாடிங்குக்கு அடித்தேன். உப்புத்தாள் எல்லாம் போட்டேன். மூன்றே மாதத்தில் தோல் உரிகிற மாதிரி உரிகிறது.
— கால் டாக்ஸி ஓட்டுநர், சென்னை

பாலிப்ரொப்பிலீன் மேல் சாதாரணமாக எதுவும் ஒட்டாது. அதன் பரப்பின் குணம் அப்படி. உப்புத்தாள் போட்டது நல்லதுதான், ஆனால் போதாது. பிளாஸ்டிக்குக்கு என்றே விற்கும் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். உரிகிற பெயிண்டை முழுக்க எடுத்துவிட்டு, ஆல்கஹாலால் துடைத்து, பிளாஸ்டிக் பிரைமர், அதன் மேல் பம்பருக்கான மங்கலான கருப்பு என்று அடியுங்கள். முன்பு டயர் பாலிஷோ டேஷ்போர்டு பாலிஷோ தடவியிருந்தால் அந்தச் சிலிக்கோன் மிச்சம் இருக்கிற இடத்தில் பெயிண்ட் அம்மைத்தழும்பு போலக் குழி விழும்.

தினமும் ஓடுகிற டாக்ஸிக்கு நான் பெயிண்டைச் சொல்ல மாட்டேன். கல் தெறித்துப் பொத்துக்கொண்டே இருக்கும். சாயம் கலந்த ரெஸ்டோரர்தான் தோது; பொத்தினாலும் உரியாது.

கேள்வி: டயர் பாலிஷை வைப்பர் ரப்பருக்கும் போடலாமா? புது டயர் ஓரம் பழுப்பாவது ஏன்?
— வாசகர், சேலம்

வைப்பருக்குக் கூடவே கூடாது. பாலிஷ் கண்ணாடியில் படிந்துவிடும்; ராத்திரி மழையில் எதிர் வண்டி வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவிக் கண்ணை மறைக்கும். வைப்பர் ரப்பரை ஈரத்துணியால் துடையுங்கள், நுனி வெடித்தால் மாற்றுங்கள், அவ்வளவுதான். டயரின் தரையில் படும் பகுதி, பிரேக் பெடல், பைக் சீட் இவற்றிலும் படக்கூடாது.

டயர் பழுப்பு அழுக்கு இல்லை. ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்காமலிருக்க ஆலையில் ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது உள்ளிருந்து மெல்ல மேலே வந்து, காற்றுப் பட்டுப் பழுப்பாகிறது. டயர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். பார்க்கப் பிடிக்காவிட்டால் பிரஷ் போட்டுக் கழுவி, நீர் சார்ந்த டயர் டிரெஸ்ஸிங் மெல்லிசாகப் போடுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் புதுக் கார் எடுக்கிறோம். இதெல்லாம் வராமலிருக்க முதல் நாளிலிருந்தே என்ன செய்யலாம்?
— ஆசிரியை, தஞ்சாவூர்

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. எல்லோரும் பெயிண்டுக்குத்தான் கோட்டிங் போடுகிறார்கள். பெயிண்டுக்கு மேலே ஏற்கெனவே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு இருக்கிறது. பெயிண்ட் இல்லாத கருப்பு பிளாஸ்டிக்குக்கு மேலே அப்படி ஒன்றுமே இல்லை. அது வெறும் உடம்போடு வெயிலில் நிற்கிறது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் அந்தக் கருப்புக்குப் போடுங்கள். வெளுக்கும் முன்பே போட்டால் முன்வேலையும் குறைவு, தாங்குவதும் அதிகம்.

முழு காருக்கும் கோட்டிங் பேசினால், "கிளாடிங், ரூஃப் ரெயில், வைப்பர் கீழ்த்தட்டு, மிரர் அடிப்பகுதி சேர்த்தா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பல இடங்களில் அது தனிக் கணக்கு.

நிழல் கிடைத்தால் அதைவிடப் பெரிய கோட்டிங் கிடையாது. தகரக் கொட்டகை போதும். அதுவும் இல்லாதவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வண்டியை எதிர்த் திசையில் திருப்பி நிறுத்துங்கள்; மேற்கு வெயில் ஒரே பக்கத்தைத் தின்னாமலிருக்கும். கார் கவர் போடுவதானால் தூசி துடைத்தபிறகுதான் போட வேண்டும். காற்றில் கவர் ஆடும்போது அடியிலிருக்கும் மணல் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: அப்பா வைத்திருந்த அம்பாஸடரை மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் கல்லாகிப்போய், குறுக்கே வெடித்திருக்கிறது. ஏதாவது தடவி மெதுவாக்க முடியுமா?
— வங்கி அலுவலர், காரைக்குடி

முடியாது. இறுகி வெடித்த ரப்பரை எந்த எண்ணெயும் பழையபடி ஆக்காது. மாற்றிவிடுங்கள். உத்தர்பாராவில் 2014-இல் அம்பாஸடர் உற்பத்தி நின்றுபோனாலும் அதன் பீடிங் இன்னும் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது மடக்கிப் பாருங்கள்: மடித்த இடத்தில் பொடி வெடிப்பு தெரிந்தால் வருஷக்கணக்காகக் கடையில் கிடந்த சரக்கு, வேண்டாம்.

இந்த வேலை எனக்கு அப்பா கையால் கற்றுக் கொடுத்தது, அதனால் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். பழைய பீடிங்கைக் காப்பாற்ற நினைக்காமல் பிளேடால் அறுத்து எடுங்கள். கண்ணாடியை இருவர் பிடித்து இறக்குங்கள். கண்ணாடி உட்காரும் தகர விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். அத்தனை வருஷமாக பீடிங்குக்கு அடியில் தண்ணீர் நின்றிருக்கும்; கீழ் மூலைகளில் துரு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. அதைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயிண்ட் காயும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டுத் துருவின் மேல் புது பீடிங்கை வைத்தால் அது வீண்.

புது பீடிங்கை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். தகர விளிம்பைக் கவ்வுகிற காடியில் (பீடிங்கில் நீளவாக்கில் ஓடும் பள்ளம்) ஒரு வலுவான நைலான் கயிறைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனைகளும் கீழ்நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். காடியிலும் விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸ் கூடாது, ஏன் என்று விருதுநகர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது கண்ணாடியை வெளியிலிருந்து இடத்தில் வைத்து, ஒருவர் இரு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கயிறின் முனையைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்து உட்காரும். வெளியே அழுத்துபவரின் கை, கயிறு வெளிவரும் இடத்துக்கு நேராகவே நகர்ந்துகொண்டு போக வேண்டும். மூலையில் இறுகினால் இழுக்காதீர்கள், அங்கே இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு, வெளியே உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள். மூலையில் வலுவாக இழுத்தால் கண்ணாடி போய்விடும்.

சோப்பு காய ஒரு நாள் விடுங்கள். பிறகு காருக்குள் ஒருவரை உட்காரவைத்து, கூரையிலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் மேல் மூலை, பிறகு பக்கவாட்டு, கடைசியாகக் கீழ். எங்காவது கசிந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, காய்ந்தபிறகு பீடிங்கின் உதட்டைத் தூக்கி கண்ணாடி சீலன்ட்டை (கசிவை அடைக்கும் பசை) அங்கே மட்டும் மெல்லிசாக விடுங்கள். சுற்றிலும் பூசிவிடாதீர்கள், அடுத்த முறை கண்ணாடியைக் கழற்றுகிறவர் உங்களைத் திட்டுவார்.